‘எனக்கு ஒண்ணும் இல்லையே!’ – கிருமி அடைகாக்கும் அந்த நாலைந்து நாட்கள்

அடுத்த வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். நேற்று மாலைதான் அவரோடு வாசலில் நின்று அரைமணி நேரம் அரட்டை அடித்தீர்கள். பேச்சுக்கு நடுவே அவர் நாலைந்து தடவை இருமியதும் இப்போது ஞாபகம் வருகிறது. காலையில் எழுந்ததும் தொண்டையைக் கனைத்துப் பார்க்கிறீர்கள். வலி இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறீர்கள். சூடு இல்லை. ‘அப்பாடா, நமக்கு ஒட்டலை!’ என்று நிம்மதியாகக் காபியைக் குடித்துவிட்டு, வழக்கம்போல மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போகிறீர்கள்.

வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சளிக் காய்ச்சல் கிருமி ஒட்டியதா இல்லையா என்பதை மறுநாள் காலையில் யாராலும் சொல்ல முடியாது. நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. கிருமி உடம்புக்குள் நுழைந்த நேரத்துக்கும், முதல் தும்மல் வரும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. இதை ‘நோயரும்பு காலம்’ என்பார்கள். ‘அடைகாக்கும் காலம்’ என்றும் சொல்வதுண்டு. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். கோழி 21 நாள் முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறதே, அந்த மாதிரி. வெளியே பார்த்தால் முட்டை முட்டையாகத்தான் இருக்கும். உள்ளே நடப்பது வேறு.

உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கரைத்து வைக்கும்போது பாத்திரத்தில் பாதிதான் இருக்கும். பத்து மணிக்குத் திறந்து பார்த்தாலும் அப்படியேதான் இருக்கும். விடியற்காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். வைரஸும் மூக்கு, தொண்டையின் உள்தோலில் ஒட்டிக்கொண்டு, அந்த அணுக்களுக்குள் புகுந்து, தன்னைத்தானே படி எடுத்துக்கொள்கிறது. ஒன்று பலவாகி, அவை பக்கத்து அணுக்களில் புகுந்து, அங்கிருந்து இன்னும் பலவாக... இந்தக் கணக்கு எகிறுகிற வரைக்கும் நமக்கு ஒன்றும் தெரியாது. உடம்பு விழித்துக்கொண்டு எதிர்த்துச் சண்டை போடத் தொடங்கும்போதுதான் காய்ச்சல், உடம்புவலி எல்லாம் வருகின்றன. ஆக, காய்ச்சல் வந்த நாளை ‘நோய் வந்த நாள்’ என்று நாம் சொல்வது சரியில்லை. அது உடம்பு போர் அறிவித்த நாள். எதிரி கோட்டைக்குள் வந்து சில நாள் ஆகிவிட்டது!

பெரியவர்களுக்கு எத்தனை நாள்?

ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கணக்கு. சாதாரண ஜலதோஷம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளில் வெளிப்பட்டுவிடும். இன்ஃப்ளுயென்சா என்கிற ஃப்ளூ காய்ச்சலுக்கு ஒன்றிலிருந்து நாலு நாள். சராசரியாக இரண்டு நாள். பேரக்குழந்தைகளிடமிருந்து தாத்தா பாட்டிக்குத் தொற்றும் ‘ஆர்.எஸ்.வி.’ என்கிற கிருமிக்குப் பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு நாள்.

நம்மையெல்லாம் ஆட்டிவைத்த கொரோனா, 2020ல் வந்த அதன் முதல் வடிவத்தில், சராசரியாக ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. 2021ல் வந்த டெல்டாவுக்கு ஏறக்குறைய நாலு நாள். அதற்குப் பிறகு வந்த ஒமிக்ரானுக்கு மூன்று நாள்தான். கிருமி மாற மாற, அடைகாக்கும் காலமும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

சராசரி என்றால் எல்லோருக்கும் அதே நாள் என்று அர்த்தமில்லை. ஒரே வீட்டில் ஒரே நாளில் தொற்றிய அண்ணனுக்கு மூன்றாம் நாளும் தம்பிக்கு ஏழாம் நாளும் காய்ச்சல் வரலாம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் காலம் சற்று நீளலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10ந் தேதி ஒரு பாட்டுக் குழு பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். ஏறக்குறைய எல்லோருமே பெரியவர்கள், வயதானவர்கள். ஒருவருக்கு மட்டும் லேசான ஜலதோஷ அறிகுறி. இரண்டரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார்கள். கடைசியில் 53 பேருக்கு நோய் வந்தது அல்லது வந்திருக்கலாம் என்று கணக்கானது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். நமக்கு வேண்டியது அடுத்த விஷயம். தொற்றியது ஒரே மாலையில் என்றாலும், சிலருக்கு மறுநாளே அறிகுறி வந்தது. சிலருக்குப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. நடுக்கணக்கு மூன்று நாள்.

வாசலில் ஒட்டிய ‘14 நாள்’ ஸ்டிக்கரும், தெருவை அடைத்த தகரமும் ஞாபகம் இருக்கிறதா? அந்த 14 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஜோசியக் கணக்கு இல்லை. அந்த முதல் வடிவக் கொரோனாவில், நோய் வெளிப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் பன்னிரண்டு நாளுக்குள் வெளிப்பட்டுவிட்டது. அதற்குமேல் கொஞ்சம் பாதுகாப்பு சேர்த்து 14 என்று வைத்தார்கள்.

இருமலே இல்லாமல் எப்படிப் பரவும்?

அடைகாக்கும் காலம் முடிந்து இருமல் வந்த பிறகுதான் பரவும் என்றால் கவலையே இல்லை. இருமுகிறவரைத் தள்ளி உட்கார வைத்தால் போதும். 2003ல் உலகத்தைப் பயமுறுத்திய சார்ஸ் நோய் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் அது அதிகமாகப் பரவியது. அதனால் காய்ச்சல்காரர்களைக் கண்டுபிடித்துப் பிரித்து வைத்தே அதே ஆண்டு ஜூலைக்குள் அடக்கிவிட்டார்கள்.

கொரோனா அப்படி அடங்கவில்லை. அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் முன்பிருந்தே அது அடுத்தவருக்குப் பரவுகிறது. ஃப்ளூவும் ஒரு நாள் முன்பே பரவும். இதற்கு இருமலோ தும்மலோ அவசியமில்லை. பேசும்போது, சிரிக்கும்போது, ஏன், மூச்சு விடும்போதே போதும்.

இங்கிலாந்தில் 2021ல் ஒரு சோதனை நடந்தது. 18லிருந்து 30 வயதுக்குள் 36 பேர், தாங்களாகவே முன்வந்து மூக்கில் ஒரு சொட்டுக் கொரோனா கிருமியை விட்டுக்கொண்டார்கள். (நல்ல தைரியசாலிகள்தான்!) பதினெட்டு பேருக்குத் தொற்றியது. தொற்றியவர்களின் தொண்டையில் ஏறக்குறைய நாற்பது மணி நேரத்திலேயே கிருமி தென்பட்டது. பிறகுதான் மூக்கில் தென்பட்டது. ஐந்தாம் நாள் வாக்கில் அது உச்சத்துக்குப் போனது. அறிகுறிகளோ லேசாகத்தான் இருந்தன. பரப்புகிற சக்திக்கும் படுக்கிற கஷ்டத்துக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இப்போது 2020 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ரயில்வே ஸ்டேஷன், மார்க்கெட், பாங்க் என்று எங்கே போனாலும் நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நீட்டி, ‘நார்மல், உள்ளே போங்க’ என்றார்கள். அடைகாத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருமே நார்மல்தான்! அந்த மாதம் சென்னை மாநகராட்சி மண்டலங்களிலேயே ராயபுரத்தில்தான் நோயாளிகள் அதிகம். குறுகின சந்து, ஒரே அறை வீடு, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. ‘ராயபுரத்து ஜனங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை’ என்று அப்போது தென்சென்னையில் மாடி வீட்டில் இருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்கிறது. நோய் வெளியே தெரியாத அந்த இரண்டு நாளில், நாலு அறை வீட்டில் இருப்பவர் தன் அறையில் இருப்பார். ஒரு அறை வீட்டில் இருப்பவர் அம்மா பக்கத்தில்தான் படுத்தாக வேண்டும். கட்டுப்பாடு எங்கே வந்தது இதில்?

முகத்துவாரக்குப்பத்தில் ஒரு குடும்பம்

ராயபுரத்திலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். எண்ணூரின் கோடியில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். மாதம் ஒரு தடவை நண்பர்களோடு அங்கே இலவச முகாமுக்குப் போவேன். 2022 பிப்ரவரியில் அங்கே பார்த்த ஒரு குடும்பத்தின் கதையைக் கிழமை கிழமையாகச் சொல்கிறேன். காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, திருவொற்றியூரில் உறவுக்காரக் கல்யாணம். நாற்பத்திரண்டு வயது மீனவத் தம்பி ஒருவர் போய் வந்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இருமல். அன்று ராத்திரியே அந்த இருமல்காரருக்குக் கொரோனா என்று போன் வந்தது.

திங்கட்கிழமை காலை மெடிக்கல் ஷாப்பில் சோதனைக் கிட் வாங்கிப் பார்த்தார். இல்லை என்று வந்தது. ‘பாத்தியா, எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டினார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஃபைபர் படகில் மூன்று பேரோடு கடலுக்குப் போனார். புதன் ராத்திரி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, டி.வி. பார்த்து, அங்கேயே படுத்தார். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை உண்டு, இழுப்பும் உண்டு. வியாழன் சாயங்காலம் தொண்டை கரகரப்பு. வெள்ளிக்கிழமை காய்ச்சல். படகில் கூடப் போன மூன்று பேரில் இரண்டு பேருக்கும் அந்த வாரக் கடைசியில் காய்ச்சல்.

அவருக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு பிடிக்கவில்லை. திங்கட்கிழமை ஒரே தூக்கம். காய்ச்சலே இல்லை. செவ்வாய்க்கிழமை மூச்சு வாங்கியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்து, பதினொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். பிழைத்தது அந்தம்மாவின் ஆயுசு கெட்டி.

முகாமில் அந்தத் தம்பி என்னிடம் கேட்டது இதுதான்: “இன்னா சார் இது, நான் டெஸ்ட் எடுத்துட்டுத்தானே இருந்தேன்? காய்ச்சல் வந்ததுலேர்ந்து அம்மா கிட்டயே போவலையே?”

கேள்வி நியாயமானது. பதிலும் காலண்டரிலேயே இருக்கிறது. ஞாயிறு தொற்றியது. திங்கட்கிழமை சோதனையில் அகப்படுகிற அளவுக்குக் கிருமி பெருகவில்லை. மாவு கரைத்த அரைமணியில் மூடியைத் திறந்து பார்த்த கதை. செவ்வாய் ராத்திரியிலிருந்தே பரப்பத் தொடங்கியிருப்பார். புதன் ராத்திரிதான் உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்தார். காய்ச்சல் வந்த வெள்ளிக்கிழமை அவர் விலகிப் படுத்தபோது, அம்மாவுக்குத் தொற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. அம்மாவின் அடைகாப்பு புதனில் தொடங்கி ஞாயிறில் முடிந்தது. அவருக்கும் நாலு நாள், அம்மாவுக்கும் நாலு நாள்.

‘ரெண்டு வாரம் வீட்டிலேயே இரு’ என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் வீட்டில் காசில்லை. ஆனால், தொற்றிய இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, அதாவது ஐந்தாறு ராத்திரி, அம்மா பக்கத்தில் படுக்காமல் இருக்க அவரால் முடியும். திண்ணை இருக்கிறது, வலை வைக்கிற கொட்டகை இருக்கிறது. அதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை என்பதுதான் விஷயம்.

படகு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். கடலுக்குப் போய்விட்டால் நோய் வராது என்று குப்பத்தில் பலரும் நம்புகிறார்கள். உப்புக்காற்று கிருமியைக் கொன்றுவிடுமாம்! தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டு மீன்பிடிக் கப்பல் ஒன்று, எச்சிசென் மாரு என்று பெயர். 2020ல் அதில் போன 61 பேரையும் முதலில் 14 நாள் ஓட்டலில் தங்கவைத்து, சோதனையில் இல்லை என்று வந்த பிறகுதான் கடலுக்கு அனுப்பினார்கள். 35 நாள் கரையையே பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது 57 பேருக்குக் கொரோனா! இத்தனை செய்தும் கிருமி ஏறியிருக்கிறது. ஏறியது ஒருவரிடம் என்றால், அவருக்கு வெளிப்படுவதற்குள் அடுத்தவருக்கு அடைகாப்பு தொடங்கிவிடுகிறது. இப்படியே வரிசையாக. காசிமேட்டிலிருந்து பத்து நாள் தங்கலுக்கு விசைப்படகில் போகிறவர்கள் யோசிக்க வேண்டிய சமாச்சாரம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருக்கிறபோது கிளம்பினால், மூன்றாம் நாள் நடுக்கடலில் படுக்க நேரலாம். திரும்பவும் முடியாது, டாக்டரும் கிடையாது.

புகை இருமலா, கிருமி இருமலா?

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் தினமும் வரும். அனல்மின் நிலையம், உர ஆலை, கன்டெய்னர் லாரிப் புழுதி. ‘காத்து மாறிடுச்சு சார், அதான் இருமல்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பாதி சமயம் அது உண்மையும்கூட.

பிரித்துப் பார்க்க அடைகாக்கும் காலமே உதவும். புகைக்கும் விஷவாயுவுக்கும் அடைகாப்பு கிடையாது. 2023 டிசம்பர் 26ந் தேதி நள்ளிரவு சமயத்தில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததே, அப்போது ஜனங்களுக்குக் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலும் வாந்தியும் அந்த நிமிஷமே வந்தன. தெருவே ஒன்றாக எழுந்து ஓடியது. கிருமி அப்படி வராது. வீட்டில் முதலில் ஒருவருக்கு வரும். இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொருவருக்கு. அப்புறம் பாட்டிக்கு. ஒரே நேரத்தில் எல்லோரும் இருமினால் காற்றைச் சந்தேகப்படுங்கள். இடைவெளி விட்டு ஒவ்வொருவராக இருமினால் கிருமியைச் சந்தேகப்படுங்கள். காய்ச்சலும் உடம்புவலியும் சேர்ந்தால் பெரும்பாலும் கிருமிதான். வருஷக்கணக்கில் புகை குடித்த நுரையீரலில் கிருமியும் சேர்ந்தால் நிலைமை சீக்கிரம் மோசமாகும் என்பதால், ‘வழக்கமான இருமல்தானே’ என்று அவர்கள்தான் குறிப்பாக இருந்துவிடக் கூடாது.

சரி, என்ன செய்ய வேண்டும்?

நோயாளியைக் கடைசியாக எப்போது நெருங்கிப் பழகினீர்களோ, அந்தத் தேதியைத் தினசரி காலண்டரில் குறியுங்கள். அது பூஜ்யம். மறுநாள் ஒன்று. இரண்டிலிருந்து ஏழு வரை, உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், வீட்டில் இருக்கும் வயதானவர்கள், கர்ப்பிணி, கைக்குழந்தை, சர்க்கரை, ஆஸ்துமா, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோரிடமிருந்து தள்ளிப் படுங்கள். பக்கத்தில் போயே ஆக வேண்டுமென்றால் மாஸ்க். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ‘பனிக்காற்று ஆகாது’ என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஃபேனைப் போட்டுக்கொள்வது, கிருமியை எல்லோருக்கும் பந்தி பரிமாறுவதற்குச் சமம்.

அதே வீட்டில் இருப்பவருக்கு நோய் என்றால், அவரிடமிருந்து நீங்கள் விலகிய நாள்தான் பூஜ்யம். விலகவே இல்லையென்றால் கணக்கு தினமும் புதிதாகத் தொடங்கும். பலர் முதல் நாளிலிருந்தே எண்ணிவிட்டு ‘பத்து நாள் ஆச்சு, தப்பிச்சேன்’ என்கிறார்கள்.

கொரோனா சோதனை எடுப்பதானால் ஐந்தாம் நாள் எடுங்கள், அல்லது அறிகுறி வந்ததும் எடுங்கள். வீட்டுக் கிட்டில் இல்லை என்று வந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. முதல் நாள் சோதனை, காசுக்குப் பிடித்த கேடு. ஃப்ளூவாக இருந்தால் அதற்கு அலோபதியில் மாத்திரை உண்டு. அறிகுறி வந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதனால் நல்ல பலன். எனவே, வீட்டுப் பெரியவருக்குக் காய்ச்சல் என்றால் ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று உட்காராதீர்கள். ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. ஆனால், அது வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். கிருமியோ இரண்டே நாளில் வந்துவிடும். அக்கம்பக்கத்தில் காய்ச்சல் பரவிய பிறகு ஊசிக்கு ஓடுவதில் அர்த்தம் குறைவு. முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே போகலாம். சாப்பாட்டை ஒதுக்குவது, ஓயாத தூக்கம், பேச்சில் குழப்பம், இவைதான் அவர்களுடைய அறிகுறி. மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டுகிற கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழே காட்டினாலோ, என்னைப் போன்றவர்களைத் தேடி வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சித்த மருத்துவத்தில் என்ன சொல்கிறீர்கள்?

கேட்பீர்கள் என்று தெரியும். எங்கள் படிப்பில் ஒவ்வொரு நோய்க்கும் ‘குறிகுணங்கள்’ சொல்வதற்கு முன்னால் ‘முற்குறிகுணங்கள்’ என்று ஒரு பகுதி வரும். காய்ச்சலுக்கு முன் வரும் சோம்பல், கொட்டாவி, வாய்க்கசப்பு, உடம்பு முறுக்கல் இதெல்லாம் அதில் அடங்கும். பெரியவர்கள் ‘காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு’ என்று சொல்வது இதைத்தான். அடைகாப்பு முடியப்போகிறது என்பதற்கு உடம்பே கொடுக்கும் மணியோசை இது. இதை மதித்து அன்றைக்கே தனியாகப் படுத்தால் நல்லது. ஆனால், அதற்கு முந்தைய நாட்களில் முற்குறிகூட இருக்காது. மூன்றாம் நாளே நாடி பிடித்துப் பார்த்து ‘உனக்கு வைரஸ் ஏறியிருக்கு’ என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய வைத்தியராக இருந்தாலும் நம்பாதீர்கள். நாடியில் அது தெரியாது.

கபசுரக் குடிநீரைப் பற்றியும் இதே போலத்தான். சுக்கு, திப்பிலி, கிராம்பு, ஆடாதோடை, கற்பூரவள்ளி, நிலவேம்பு, சீந்தில் என்று பதினைந்து சரக்குகள் சேர்ந்த நல்ல மருந்து. கப நோயிலும் காய்ச்சலிலும் நான் தாராளமாகக் கொடுக்கிறேன். 2020ல் தமிழக அரசே ஊரெல்லாம் விநியோகம் செய்தது. ஆனால், ஒரு டம்ளர் குடித்துவிட்டு ‘இனி எனக்கு வராது, நானும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்’ என்று கூட்டத்தில் புகுந்தவர்களையும் அப்போதே பார்த்தேன். கஷாயம் குடித்தவரின் மூக்கிலும் கிருமி அடைகாக்கும். அவர் மூச்சிலும் அது வெளியே வரும். தள்ளிப் படுப்பதற்குப் பதிலாகக் குடிநீர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

குடிப்பதானால் ஒரு டீஸ்பூன் பொடியை 240 மில்லி தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 60 மில்லியாக வற்றவைத்து, வடிகட்டிச் சாப்பாட்டுக்கு முன் குடியுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் வேண்டாம். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குடியுங்கள். தினமும் புதிதாகக் காய்ச்சுங்கள், மீந்ததை மறுநாள் சூடுபண்ணிக் குடிக்க வேண்டாம்.